சாமிக்கே வெள்ளோட்டம் உண்டு, மக்களுக்கு வேண்டாமா?

(திருப்பத்தூரில் தோல் பதனிடும் தொழிலாளர்களும், மில் தொழிலாளர்களும், விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை.)



கூலி, பஞ்சப்படி, போனஸ் என்று பேசும் இந்த மேடையில் இன்று நாம் ஒரு விளையாட்டு வண்டியைப் பற்றிப் பேசப் போகிறோம். இதைக் கேட்டுச் சிலர் சிரிக்கலாம். ஆனால் இந்த விஷயத்தை நாங்களாகத் தேடிக் கொண்டுவரவில்லை. ஆம்பூரில் பூட்ஸ் கம்பெனியில் வேலை செய்யும் ஒரு சகோதரி கேட்ட கேள்விதான் இதற்குக் காரணம்.

திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் 2025 டிசம்பரில் வொண்டர்லா என்ற பெரிய கேளிக்கைப் பூங்கா திறக்கப்பட்டது. 600 கோடி ரூபாய்க்கு மேல் முதல் போட்டு, 43 விளையாட்டுச் சாதனங்களை அமைத்திருக்கிறார்கள். அவற்றில் ஒன்று 'தஞ்சோரா' என்ற ரோலர் கோஸ்டர். சுவிட்சர்லாந்து தேசத்துக் கம்பெனி செய்தது. வண்டி தண்டவாளத்தின் மேல் ஓடாது; தண்டவாளத்துக்குக் கீழே தொங்கிக்கொண்டு ஓடும். பள்ளிக்கூடத்திலிருந்து அங்கே சுற்றுலா போகிறார்களாம். அந்தச் சகோதரி பெண்ணுக்குப் பணம் கட்டிவிட்டார். கட்டிய பிறகு கவலை வந்துவிட்டது. "அண்ணா, அது பத்திரமா? யார் பார்த்து, யார் சரி என்று சொல்லி, அதை ஓட விடுகிறார்கள்?" என்று எங்களைக் கேட்டார்.

எங்களுக்கு அப்போது பதில் தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னோம். பிறகு ஜோலார்பேட்டை ரயில்வேத் தோழர்களையும், பிட்டர் வேலை தெரிந்தவர்களையும் விசாரித்தோம், கிடைத்ததைப் படித்தோம். தெரிந்துகொண்டதை உங்கள் முன் வைக்கிறோம். ஏனென்றால் அந்தக் கேள்வி அந்த ஒரு பூங்காவோடு நிற்கிற கேள்வி அல்ல. நம் ஊர்த் திருவிழா ராட்டினத்திலிருந்து, நீங்கள் நின்று வேலை செய்யும் யந்திரம் வரைக்கும் அதே கேள்விதான்.

நம்மிடம் இருந்த வழக்கம்

புதுத்தேர் செய்தால் என்ன செய்கிறோம்? முதல் நாளே சாமியைத் தூக்கி அதில் வைத்து இழுக்கிறோமா? இல்லை. வெறும் தேரை இழுத்துப் பார்க்கிறோம். அச்சு தாங்குகிறதா, வடம் நிற்கிறதா, திருப்பத்தில் சாய்கிறதா, முட்டுக்கட்டை போட்டால் நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் சாமி ஏறுகிறது. இதற்கு வெள்ளோட்டம் என்று பெயர்.

விவசாயத் தோழர்களுக்கு இன்னொன்று தெரியும். பாழுங்கிணற்றில் தூர் வார ஆளை இறக்கும் முன், எரியும் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்குவார்கள். விளக்கு அணைந்தால் உள்ளே மூச்சுக்குக் காற்று இல்லை என்று அர்த்தம். விளக்கு போய்த் திரும்பி வந்தால்தான் ஆள் இறங்குவான்.

ஆலைத் தோழர்களுக்கு பாய்லர் தெரியும். புது பாய்லரை நேரே நீராவி ஏற்றிச் சோதிப்பதில்லை. முழுக்கத் தண்ணீர் நிரப்பி, வேலை செய்ய வேண்டிய அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்கு அழுத்தம் கொடுத்துப் பார்க்கிறார்கள். ஏன் தண்ணீர்? நீராவி வெடித்தால் கொட்டகையே பறக்கும். தண்ணீர் என்றால் தகட்டில் விரிசல் கண்டு ஒழுகும், அவ்வளவுதான். சோதனையிலும் ஒருவன் சாகக்கூடாது என்ற கணக்கு அதில் இருக்கிறது.

இந்த பாய்லர் சட்டம் எப்படி வந்தது தெரியுமா? 1863ல் கல்கத்தாவில் ஒரு பாய்லர் வெடித்து உயிர்கள் போயின. அதன் பிறகுதான் 1864ல் வங்காளத்தில் சட்டம் வந்தது. தேசம் முழுவதற்குமான சட்டம் 1923ல் வந்தது. 2025ல் அதற்குப் பதிலாகப் புதிய சட்டம் போட்டிருக்கிறார்கள். முதலில் பிணம், பிறகு சட்டம். இந்த வரிசையை மனதில் வையுங்கள். இன்னும் பல இடங்களில் இதே வரிசையைப் பார்க்கப் போகிறோம்.

அந்த வண்டி எப்படி ஓடுகிறது?

ரோலர் கோஸ்டர் என்பதில் பெரிய மாயம் ஒன்றும் இல்லை. பெரும்பாலானவற்றில் ஒரு மோட்டாரும் சங்கிலியும் வண்டியை முதல் மேட்டின் உச்சிக்கு இழுத்துக்கொண்டு போகின்றன. அதற்குப் பிறகு இஞ்சின் கிடையாது. மேட்டிலிருந்து உருளும் வேகமே அடுத்த மேட்டை ஏற வைக்கிறது. மேலே ஏறும்போது 'கடகட'வென்று ஒரு சப்தம் கேட்கும். சங்கிலி அறுந்தாலும் வண்டி பின்னோக்கி உருளாதபடி பற்களில் கொக்கி விழும் சப்தம் அது. வண்டிக்கு மூன்று விதமான சக்கரங்கள்: பளுவைத் தாங்கி ஓட ஒன்று, பக்கத்தில் அணைத்துப் பிடிக்க ஒன்று, எதிர்ப்புறம் கவ்விப் பிடிக்க ஒன்று. அதனால்தான் தலைகீழாகப் போனாலும் தண்டவாளத்தை விட்டு விலகாமல் ஓடுகிறது.

ஒரே பாதையில் இரண்டு மூன்று வண்டிகள் ஓடினால்? இங்கே ரயில்வேத் தோழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒரு பிளாக்கில் ஒரு வண்டிதான். முன் வண்டி அந்தப் பகுதியைக் கடந்தால்தான் பின் வண்டிக்கு வழி. பிரேக்கும் ரயில் பிரேக் மாதிரிதான். ரயிலில் காற்றுக் குழாய் துண்டித்தால் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும் அல்லவா? அதுபோலவே கரண்டு போனால், காற்று போனால், பிரேக் மூடிக்கொள்ள வேண்டும், திறந்துகொள்ளக் கூடாது. கெட்டுப்போனாலும் மனிதன் பக்கமே கெட வேண்டும் என்பதுதான் இந்த வித்தையின் அடிப்படை.

திறப்பதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?

முதலில் காகிதத்தில் சோதனை. அடித்தளம் எவ்வளவு பளு தாங்கும், காற்று எவ்வளவு அடிக்கும், இரும்பு எத்தனை லட்சம் தடவை ஆட்டம் தாங்கும் என்று கணக்கிட வேண்டும். கணக்குப் போட்டவர் வேறு, அதைச் சரிபார்ப்பவர் வேறாக இருக்க வேண்டும்.

அடுத்து இரும்பில் சோதனை. வெல்டிங் போட்ட இடங்களில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கும். சாயம் தடவியும், காந்தத் துகள் தூவியும், ஒலி அலை செலுத்தியும் அதைக் கண்டுபிடிக்கிறார்கள். இரும்புக்கும் களைப்பு உண்டு, தோழர்களே! ஒரு கம்பியை எடுத்து இப்படியும் அப்படியுமாக வளைத்துப் பாருங்கள். முதல் தடவை ஒடியாது. இருபதாவது தடவை ஒடியும். ஆகவே இந்தச் சோதனை திறப்பு விழாவோடு முடிகிற சோதனை அல்ல. ஆண்டுதோறும் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியது.

மூன்றாவதுதான் நம்முடைய வெள்ளோட்டம். வெறும் வண்டியை ஓட்டுகிறார்கள். பிறகு மனிதர் இருக்க வேண்டிய இடத்தில் மணல் மூட்டையோ, தண்ணீர் நிரப்பிய பொம்மையோ வைத்து ஓட்டுகிறார்கள். இரண்டும் வேண்டும். வெறும் வண்டி காற்றடித்தால் பாதி வழியில் நின்றுவிடக்கூடும். பாரம் ஏற்றிய வண்டி கணக்குக்கு மேல் வேகம் போகக்கூடும். வளைவில் உடம்பின் கனம் மூன்று நான்கு மடங்காக அழுத்தும். எலும்பும் கழுத்தும் தாங்குமா என்று கருவி வைத்து அளக்கிறார்கள். வெயிலில், குளிரில், மழையில் என்று நூற்றுக்கணக்கான தடவை ஓட்டுகிறார்கள். நடுவில் வேண்டுமென்றே கரண்டை நிறுத்துகிறார்கள். பிரேக் பிடிக்கிறதா? உச்சியில் நின்ற வண்டியிலிருந்து ஆளை எப்படி இறக்குவது? ஏணி எட்டுகிறதா?

இந்தக் கடைசிக் கேள்வி வீண் கேள்வியல்ல. 2025 மே மாதம் சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் ஒரு பூங்காவில் ராட்சத சாதனம் உயரத்தில் நின்றுபோய், குழந்தைகள் உள்பட முப்பதுக்கு மேற்பட்டவர்கள் மணிக்கணக்கில் அந்தரத்தில் தவித்தார்கள். தீயணைப்புத் தொழிலாளர்கள்தான் வந்து ஒவ்வொருவராக இறக்கினார்கள்.

இத்தனையும் முடிந்த பிறகு, சம்பந்தமில்லாத ஒரு மூன்றாவது நிபுணர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பெயர்தான் சான்றிதழ். இதற்கெல்லாம் விதிமுறை இல்லாமல் இல்லை. இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2004லேயே கேளிக்கைச் சாதனங்களுக்கு விதிமுறை வகுத்தது. சர்வதேசத் தர விதிகளும் இருக்கின்றன. ஆனால் தர விதி என்பது வழிகாட்டிப் பலகை. சட்டம் அதைக் கட்டாயம் என்று சொல்லி, பார்க்க ஓர் அதிகாரியையும் போட்டால்தான் அதற்குப் பல் முளைக்கும்.

விசையைத் தொட்டவன் மட்டுமா குற்றவாளி?

சோதித்துத் திறந்த யந்திரமும் கொல்லும் என்பதற்கு இங்கிலாந்தில் நடந்ததைச் சொல்கிறோம். ஆல்டன் டவர்ஸ் என்ற பூங்காவில் 'ஸ்மைலர்' என்று ஒரு ரோலர் கோஸ்டர். 2015 ஜூன் 2ந் தேதி. செய்த கம்பெனி குறித்த அளவுக்கு மேல் அன்று காற்று அடித்தது. ஆளில்லாமல் விட்ட சோதனை வண்டி வளைவில் நின்றுவிட்டது. பின்னால் 16 பேரோடு ஏறிய வண்டியை யந்திரம் தானே நிறுத்தியது. முன்னால் வழி இல்லை என்று அது சொல்லிற்று. ஆனால் கீழே இருந்தவர்கள் பாதை காலியாக இருப்பதாக எண்ணி, யந்திரத்தின் தடையை மீறி வண்டியை விட்டார்கள். மோதியது. இரண்டு இளம் பெண்கள் தலைக்கு ஒரு காலை இழந்தார்கள்.

யார் மேல் குற்றம்? நம் ஊரில் இது நடந்தால் முதலில் பிடிபடுவது விசையைத் தொட்ட தொழிலாளிதான். ஆனால் அந்த வழக்கில், பயிற்சியும் எழுதி வைத்த நடைமுறையும் மேற்பார்வையும் தராத நிர்வாகமே குற்றவாளி என்று முடிவாகி, 2016ல் கம்பெனிக்கு 50 லட்சம் பவுன் அபராதம் போட்டார்கள். இந்தத் தீர்ப்பை நாம் ஞாபகத்தில் வைக்க வேண்டும்.

அமெரிக்காவில் கான்சஸ் மாகாணத்தில் இன்னொரு கதை. உலகத்திலேயே உயரமான நீர்ச்சறுக்கு என்று 2014ல் திறந்தார்கள். 168 அடி உயரம். சோதனையில் மணல் மூட்டை வைத்த மிதவைகளே சறுக்கை விட்டுப் பறந்தன. மணல் மூட்டை தன் சாட்சியைச் சொல்லிவிட்டது! அதன் பிறகு திருத்தங்கள் செய்து திறந்தார்கள். 2016 ஆகஸ்டில் 10 வயதுச் சிறுவன் ஒருவன் அதில் உயிரிழந்தான். அங்கே அப்போது பூங்காக்காரரே தமக்கு வேண்டிய ஆய்வாளரை அமர்த்திக்கொள்ளலாம். 2017ல்தான் சட்டத்தை இறுக்கினார்கள். முதலில் பிணம், பிறகு சட்டம்!

நம் தேசம் மட்டும் வேறா? 2012ல் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஈ.வி.பி. பூங்காவில் சுழலும் சாதனத்திலிருந்து விழுந்து ஓர் இளம்பெண் இறந்தார். 2019 ஜூலையில் அகமதாபாத் காங்கரியா ஏரிக்கரையில் ஊசல்போல் ஆடும் சாதனத்தின் இரும்புத் தண்டு ஒடிந்து இருவர் இறந்தார்கள். 2024 மே மாதம் ராஜ்கோட் விளையாட்டுக் கூடத்தில் தீப்பிடித்து 27 பேர் மாண்டார்கள். அதற்குப் பிறகே குஜராத் சர்க்கார் இத்தகைய சாதனங்களுக்குத் தனி விதிகள் இயற்றியது.

நம் வீட்டு வாசலில்

இதெல்லாம் எங்கோ நடந்தது என்று எண்ண வேண்டாம். நம் தோல் பேட்டையிலேயே ஒன்று நடந்தது. 2015 ஜனவரி 31ந் தேதி விடியுமுன், ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் சேறு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்துத் தோல் ஷாப்பில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் அந்தக் கழிவுச் சேற்றில் மூழ்கி மாண்டார்கள். பெரும்பாலோர் வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். தொட்டி விளையாட்டு வண்டி அல்ல. ஆனால் கேள்வி ஒன்றேதான். அந்தச் சுவர் எவ்வளவு பாரம் தாங்கும் என்று நிரப்புவதற்கு முன் யார் பார்த்தது? சுவருக்கு அந்தப் பக்கம் மனிதர்கள் படுத்திருக்கிறார்கள் என்பது யாருக்குத் தெரியாது?

2023 ஜனவரியில் நெமிலி பக்கம் கீழ்வீதி கிராமத்துத் திருவிழாவில் கிரேன் கவிழ்ந்து நால்வர் உயிர் போனதும் உங்களுக்குத் தெரியும். பளு தூக்கும் கிரேனில் மனிதர்களை ஏற்றியதன் விளைவு அது.

நாங்கள் கண்ணால் கண்ட ஒன்றையும் சொல்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் நம் பக்கத்து ஊர் ஒன்றில், பேர் வேண்டாம், திருவிழாவுக்கு ராட்சத ராட்டினம் வந்தது. அறுவடை முடிந்த வயலில் பலகை போட்டு அதன் மேல் கால்களை நிறுத்தியிருந்தார்கள். முந்திய இரவு மழை. ஆணிக்குப் பூட்டு ஊசி இருக்க வேண்டிய இடத்தில் கட்டுக்கம்பி முறுக்கியிருந்தது. ஓட்டுகிற பையனுக்கு இருபது வயது இராது. மூன்று நாளாகச் சரியான தூக்கமில்லை. "யார் இதைச் சோதித்தது?" என்று கேட்டோம். "நேற்று ஓடிச்சு, இன்னிக்கும் ஓடும்" என்றான்.

ராட்டினத்தின் சொந்தக்காரரிடம் போனோம். அவர் ஒன்றும் கோடீசுவரர் அல்ல, கடன்பட்டவர். மைதானத்தை ஏலத்தில் எடுத்த தொகையைச் சொல்லிக் கண் கலங்கினார். "ஒரு மணி நேரம் நிறுத்தினால் எனக்கு எவ்வளவு நஷ்டம் தெரியுமா?" என்றார். ஊர் வாலிபர்கள் விடவில்லை. ஆளுக்கு ஒரு மணல் மூட்டை தூக்கி வந்து பெட்டிக்குப் பெட்டி வைத்தார்கள். ராட்டினம் சுற்றியது. மூன்றாவது சுற்றில் ஒரு கால் நான்கு விரற்கடை மண்ணில் இறங்கியது! மூட்டைகள் ஆடின, மனிதர் யாரும் ஆடவில்லை. அன்று மாலை ராட்டினத்தைப் பிரித்துக் கெட்டித் தரையில் மாற்றி நிறுத்தினார்கள். கட்டுக்கம்பியை எடுத்துவிட்டுப் பூட்டு ஊசி போட்டார்கள். மறுநாள் குழந்தைகள் ஏறினார்கள், சிரித்தார்கள். பத்திரிகையில் ஒரு வரி வரவில்லை. நடக்காத விபத்து செய்தி ஆவதில்லை.

ஆலையிலும் இதே கேள்வி

1948ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில், ஆலையிலுள்ள லிப்டை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தகுதியுள்ள ஒருவர் பரிசோதிக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. எத்தனை ஆலையில் அது ஒழுங்காக நடந்தது என்பது உங்களுக்கே தெரியும். 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் புதிய தொகுப்புச் சட்டம் வந்திருக்கிறது. அதில் இன்ஸ்பெக்டருக்கு 'வசதி செய்து தருபவர்' என்ற பட்டத்தையும் சேர்த்து ஒட்டிவிட்டார்கள். யாருக்கு வசதி? இன்ஸ்பெக்டரின் முதல் வேலை ஆய்வு செய்வது. யந்திரத்தால் லாபம் அடைகிறவனே 'யந்திரம் சரி' என்று சான்று தருவது, பரீட்சை எழுதிய பையனே தனக்கு மார்க் போட்டுக்கொள்வது போன்றது.

"ஏழைகளுக்கு இருக்கிற ஒரு சின்னச் சந்தோஷத்தையும் நிறுத்தச் சொல்கிறீர்களா?" என்று சிலர் கேட்பார்கள். இல்லை. ஆறு நாள் தோலிலும் நூலிலும் சேற்றிலும் கிடந்த மனிதன் ஏழாவது நாள் குழந்தையோடு ராட்டினம் ஏறிச் சிரிக்க வேண்டும் என்பது நம் ஆசை. ஏறியவன் இறங்கி வீட்டுக்கு வர வேண்டும் என்பதும் நம் ஆசை. இரண்டாவது இல்லாமல் முதலாவது இல்லை.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை இவை:

1. பெரிய பூங்காவோ, திருவிழா ராட்டினமோ, மக்கள் ஏறுகிற ஒவ்வொரு சாதனத்துக்கும் சுயேச்சையான எஞ்சினீயரின் சோதனைச் சான்று வேண்டும். அது டிக்கெட் கொடுக்கும் இடத்தில், தமிழில், தேதியோடு தொங்க வேண்டும்.

2. திருவிழா ராட்டினத்தை ஒவ்வோர் ஊரிலும் புதிதாக நிறுத்துகிறார்கள். ஆகவே ஒவ்வோர் ஊரிலும் புதிதாக, பாரம் ஏற்றி வெள்ளோட்டம் விட வேண்டும். போன ஊர்ச் சான்று இந்த ஊர் மண்ணுக்குச் செல்லாது.

3. மைதான ஏலத் தொகையை ஏற்றிக்கொண்டே போகும் பஞ்சாயத்து, சோதனைக்கான ஒரு நாளை அந்தத் தொகையில் கழித்துக் கொடுக்க வேண்டும்.

4. ஓட்டும் தொழிலாளிக்குப் பயிற்சியும், தூக்கமும், முறையான கூலியும் வேண்டும். சந்தேகம் வந்தால் நிறுத்தும் உரிமை அவனுக்கு வேண்டும். நிறுத்தியதற்காக அவனை வேலையிலிருந்து நீக்கக் கூடாது.

5. விபத்து நடந்தால் விசை பிடித்தவனை மட்டும் பிடித்து வழக்கை முடிக்கக் கூடாது. லாபம் எடுத்தவரும், பார்க்காமல் கையெழுத்துப் போட்டவரும் பதில் சொல்ல வேண்டும்.

இவற்றைச் சட்டமாக்கும்படி சர்க்காரைக் கேட்போம். ஆனால் சட்டம் வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. அடுத்த திருவிழாவில் உங்கள் ஊருக்கு ராட்டினம் வந்தால், பத்துப் பேராகச் சேர்ந்து போங்கள். சண்டைக்குப் போக வேண்டாம்; கேள்வி கேட்கப் போங்கள். காலுக்கு அடியில் பாருங்கள். ஆணியைப் பாருங்கள். ஓட்டுகிறவன் தூங்கினானா என்று கேளுங்கள். மணல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போங்கள்!

அந்தச் சகோதரிக்கு நாங்கள் சொன்ன பதிலையும் சொல்லி முடிக்கிறோம். "அம்மா, பயந்து பெண்ணை நிறுத்தாதே. ஆனால் பள்ளிக்கூடத்தில் போய்க் கேள்: சான்று பார்த்தீர்களா, எந்தத் தேதி, குழந்தையின் உயரத்தை அளந்து ஏற்றுகிறார்களா, உடன் போகும் வாத்தியார் யார் என்று கேள். நீ ஒருத்தியாகக் கேட்காதே, நாலு தாய்மாரைச் சேர்த்துக்கொண்டு கேள்" என்றோம். அவர் ஆறு பேரைச் சேர்த்துக்கொண்டு போனார். தலைமை ஆசிரியர் உட்கார வைத்துப் பேசினார். பூங்காவுக்குக் கடிதம் எழுதிக் கேட்பதாக ஒப்புக்கொண்டார்.

தோழர்களே! கேட்டால் பதில் வரும். சேர்ந்து கேட்டால் சீக்கிரம் வரும். சாமிக்கே வெள்ளோட்டம் விடுகிற நாடு இது. உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்கு வெள்ளோட்டம் இல்லாமல் ஒரு யந்திரமும் ஓடக்கூடாது என்று சொல்வோம்.